ஆமணக்கு முளைக்காத முற்றம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூர், மாநில எல்லைக்கு அணித்தே அமைந்தது. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக வளர்ந்த நாங்கள், மத்திய அரசின் எழுத்தர் பணியேற்று வடபுலம் வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. ஆயினும் எங்கள் பாட்டியாரின் வழக்கம் ஒன்று நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

மழைக்காலத்தில் முற்றத்தில் எது முளைத்தாலும் விட்டுவைப்பார். ஆமணக்கு தலைகாட்டினால் மட்டும் வேரோடு பிடுங்கி எறிவார். காரணம் கேட்டால், "பட்டாளத்துப் பாட்டா விலக்கினது, மக்களே" என்பதோடு சரி. அந்தப் பாட்டா, பாட்டியாருடைய பாட்டனாருக்குப் பாட்டனார். வேலுத்தம்பித் தளவாயின் படையில் நின்றவர் என்பது குடும்ப வழக்கு.

1805-ஆம் ஆண்டு உடன்படிக்கையால், திருவிதாங்கூர் ஆங்கிலக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகை இருமடங்காயிற்று. அதன் நிலுவையால் வளர்ந்த பகை 1808-இன் இறுதியில் போராக மூண்டது. 1809 சனவரி 11 அன்று குண்டறையில் தளவாய் தம் அறைகூவலை வெளியிட்டார். அடுத்த மாதமே ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது. மண்ணடிக் கோயிலில் பகைவர் சூழ்ந்தபோது, பிடிபடுவதினும் சாவதே மேலெனத் தளவாய் உயிர் துறந்தார்.

போர் ஓய்ந்தது, பழிவாங்கல் ஓயவில்லை. தளவாயின் உடல் கண்ணம்மூலையில் தொங்கவிடப்பட்டது. அவருடைய தம்பி தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்து வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த மண்ணில் வாழையும் ஆமணக்கும் நட்டார்கள். இதனை நூலகம் ஒன்றில் படித்த பிற்பகலில்தான் பாட்டியாரின் கை எதனைப் பிடுங்கி எறிந்தது என்பது எங்களுக்கு விளங்கிற்று. நெடுநேரம் ஏட்டைப் புரட்ட மனம் வரவில்லை.

சில நூறு பேர் நீங்கலாகத் திருவிதாங்கூர்ப் படை கலைக்கப்பட்டது. பாட்டா ஊர் திரும்பி ஏர் பிடித்தார். தளவாயின் பெயரை உரக்கச் சொல்லவும் அஞ்சிய காலம் அது. மனைவிக்கும் மக்களுக்கும் அவர் வீரக்கதை எதனையும் சொல்லவில்லை. இந்த ஒரு விலக்கை மட்டும் விட்டுச் சென்றார். தலைவனின் வீட்டுமண்ணில் பகைவன் நட்ட செடி தம் முற்றத்தில் தழைக்கலாகாது! தோற்ற போர்வீரன் ஒருவன் தனக்குத் தானே எழுப்பிக்கொண்ட நடுகல் அதுவே. காரணம் மறந்த பின்னும் எங்கள் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்து வந்தனர்.

1956 நவம்பர் 1-இல் எல்லை வகுக்கப்பட்டபோது தளவாய் பிறந்த தலக்குளமும், அரண் வீழ்ந்த ஆரல்வாய்மொழியும் தமிழகத்தின்பால் வந்தன. உயிர் துறந்த மண்ணடி கேரளத்தில் நின்றது. திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் அவருக்குச் சிலை உண்டு. அவர் பின்னே நின்ற பட்டாளத்துப் பாட்டாக்களுக்கு அவரவர் வீட்டு நினைவே சிலை.

எங்கள் மகள் வளர்வது அடுக்குமாடிக் குடியிருப்பில். அங்கே ஆமணக்கு முளைக்க முற்றமே இல்லை. செய்கையால் காக்க முடியாததைச் சொல்லால் காக்க வேண்டுமென்று, சென்ற விடுமுறையில் அவளை அமர்த்தி முழுவதும் சொன்னோம். கேட்டு முடித்தவள், "அந்தப் பாட்டாவின் பெயர் என்ன?" என்றாள்.

எங்களிடம் மறுமொழி இல்லை. பாட்டியார் இருந்த நாளில் நாங்கள் அதனைக் கேட்டதே இல்லை. அன்பர்களே, உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பின், இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.