தேய்ந்த தட்டு காட்டும் வழி

மண்சட்டியில் மீன்குழம்பு வைப்பவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். புதிதாக வாங்கிய சட்டி அன்றே குழம்புக்கு ஆகாது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி ஊற்றிக் காய்ச்சிப் பழக்க வேண்டும். நாள்படப் பழகிய சட்டிக்கே சுவை. செருப்பின் கதை வேறு. அது தேய்ந்தால் தேய்ந்ததுதான். தெருவில் எறிவதைத் தவிர வேறு வழியில்லை. ஆக, தேய்வு என்பது எல்லாப் பொருளுக்கும் ஒன்றுபோல் அமைவதன்று. ஆனால் மனிதரைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். முதுமை என்றால் இழப்பு என்று ஒரே சொல்லில் கணக்கை முடிக்கிறோம். துன்பம் என்றால், எல்லாம் நன்மைக்கே என்று அதையும் ஒரே சொல்லில் முடிக்கிறோம். இவ்விரு தீர்ப்புகளும் சரிதானா என்று எங்களைச் சிந்திக்க வைத்தது, அமெரிக்க நாட்டு விளையாட்டு ஒன்றில் எறியப்படும் ஒரு பிளாஸ்டிக் தட்டு.

அந்த விளையாட்டின் பெயர் டிஸ்க் கால்ஃப். கால்ஃப் ஆட்டத்தில் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் விழச் செய்வார்கள். இதில் தட்டைக் கையால் எறிந்து, கம்பத்தைச் சுற்றித் தொங்கும் சங்கிலிகளில் மோதவிட்டு, அவற்றின் கீழுள்ள கூடையில் விழச் செய்ய வேண்டும். குறைந்த எறிகளில் ஆட்டத்தை முடிப்பவரே வென்றவர். ஃபிரிஸ்பீ தட்டுகளை விற்றுவந்த வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் என்பவரே இவ்விளையாட்டின் தந்தை எனப் போற்றப்படுகிறார். தட்டு தள்ளாடாமல் பறப்பதற்காக அதன் மேற்புறத்தில் வளையக் கோடுகளை அமைத்து, 1967-இல் காப்புரிமை பெற்றவர் அவர். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முறையான முதல் ஆடுகளத்தை அமைத்தவரும் அவரே. மறு ஆண்டில் ஆட்டக்காரர்களின் சங்கமும் தோன்றியது. இன்று அந்நாட்டின் பொதுப் பூங்காக்கள் பலவற்றில், மரங்களுக்கிடையே இந்தக் கூடைகள் நிற்பதைக் காணலாம்.

மிச்சிகன் மாநிலத்தில் எங்கள் மகன் குடும்பத்தோடு ஒரு கோடைகாலம் முழுவதும் தங்கியிருந்தபோது, பேரனுடன் மாலைதோறும் அத்தகைய பூங்கா ஒன்றிற்குச் சென்றுவந்தோம். நாங்கள் இருவருமே ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள். மணியோசைக்கு எழுந்து பழகிய கால்களுக்கு, எழுவதற்கு ஒரு காரணமும் இல்லாத காலைகள் வந்துவிட்டன. பிள்ளைகள் அன்புடையவர்கள்தாம், ஆயினும் எந்த வேலையைத் தொட்டாலும் 'நீங்கள் உட்காருங்கள்' என்றே சொன்னார்கள். அன்பினால் சொல்லப்பட்ட அச்சொல்லே நாளடைவில் எங்களுக்குப் பாரமாயிற்று. பூங்காவிலும் நாங்கள் உட்கார்ந்துதான் இருந்தோம். ஆனால் அங்கே உட்கார்ந்து கற்றது அதிகம்.

பேரனின் பையில் பலவகைத் தட்டுகள் இருந்தன. நெடுந்தூரம் பறக்கக் கூரிய விளிம்புடையவை சில. கூடைக்கு அருகிலிருந்து எறிய மழுங்கிய விளிம்புடையவை சில. இவற்றுக்கு இடைப்பட்டவை மிட்ரேஞ்ச் எனப்படும் இடைத்தூரத் தட்டுகள். தூரத்தைவிடத் திசைக்கு முதன்மை தரவேண்டிய இடத்தில் ஆட்டக்காரரின் கை இவற்றையே நாடுகிறது. ஒரு சாண் அளவை ஒட்டிய குறுக்களவும், ஏறத்தாழ 180 கிராம் வரை எடையும் உடையவை அவை. அவற்றுள் ராக் என்னும் பெயருடைய தட்டு ஒன்று, இன்னோவா என்னும் நிறுவனத்தால் 1987 முதல் செய்யப்பட்டுவருவது. பேரனின் பையில் மூன்று ராக் தட்டுகள் இருந்தன. ஒரே அச்சில், ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. ஒன்று புதியது, மற்றொன்று இரண்டு ஆண்டு ஆடியது, மூன்றாவது எழுத்துகள் அழிந்து, விளிம்பெல்லாம் கீறலாய்க் கிடந்தது. அதை ஏன் இன்னும் தூக்கி எறியவில்லை என்று கேட்டோம். "தாத்தா, அதற்குத் தெரிந்த வழி மற்ற இரண்டுக்கும் தெரியாது" என்றான் அவன்.

அவன் சொன்னதன் பொருளை அறியத் தட்டு பறக்கும் முறையைச் சற்றே அறிய வேண்டும். வலக்கைக்காரர் கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுசென்று புறங்கைப் பக்கமாக வீசும் தட்டு, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. காற்று அதைத் தாங்கும் விசையின் மையம் தட்டின் நடுவில் நிலைத்து நிற்பதில்லை. வேகம் மிகுந்துள்ளபோது அது நடுவுக்குப் பின்னே இருந்து முன்விளிம்பைக் கீழே அழுத்த முனைகிறது. வேகம் தணியும்போது முன்னே நகர்ந்து முன்விளிம்பைத் தூக்க முனைகிறது. சுழலாத பொருளாயின் குப்புறவோ மல்லாந்தோ விழுந்திருக்கும். சுழலும் பொருளோ, பம்பரத்தைப்போல, தள்ளிய பக்கம் சாயாமல் அதற்குக் குறுக்கான பக்கம் சாய்கிறது. ஆகவே தட்டு தொடக்கத்தில் வலப்புறம் சாய முயல்கிறது. இறுதியில் இடப்புறம் இழுக்கப்படுகிறது. எந்தத் தட்டு எவ்வளவு சாயும், எவ்வளவு இழுக்கும் என்பதை வேகம், மிதப்பு, தொடக்கச் சாய்வு, இறுதி இழுப்பு என நான்கு எண்களால் குறிக்கிறார்கள். ராக் தட்டுக்கு அவை 4, 4, 0, 3. அதாவது, தொடக்கத்தில் அது சாயாது. இறுதியில் தவறாமல் இடப்புறம் இழுக்கும்.

ஆனால் இந்த எண்கள் புதிய தட்டுக்கே முழுவதும் பொருந்தும். அதன்பின் கணக்கை எழுதுவது பிளாஸ்டிக்கும் மரங்களும். விலை குறைந்த அடிப்படைப் பிளாஸ்டிக் மென்மையானது. கைக்கு நன்கு பிடிபடும். ஆயினும் மரத்தில் மோதும் ஒவ்வொரு முறையும் அதன் விளிம்பில் ஒரு கீறல் விழும். விளிம்பின் வடிவு சிறிது சிறிதாக மாறும். அதற்கேற்ப இடப்புற இழுப்பு குறைந்துகொண்டே வரும். இரண்டு ஆண்டு ஆடிய தட்டு ஏறக்குறைய நேராகச் செல்வதையும், மிகப் பழையது மெல்ல வலப்புறம் வளைந்து, அந்த வளைவிலேயே மிதந்து இறங்குவதையும் நாங்கள் கண்டோம். பாலியூரித்தேன் சார்ந்த உயர்வகைப் பிளாஸ்டிக்கோ ஏறக்குறைய இரு மடங்கு விலையுடையது. மரத்தில் பலமுறை மோதியும் எளிதில் வடிவு மாறாதது. அதுவும் தேயும், ஆனால் அதற்கு ஆண்டுகள் பல வேண்டும். ஒரே அச்சில் வார்த்தாலும் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால், ஒன்றின் மேற்புறம் தட்டையாகவும் மற்றொன்றினது குவிந்தும் அமைந்துவிடுகிறது. பறக்கும் முறையும் அதற்கேற்ப மாறுகிறது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குணத்தினராய் இருப்பதில்லை அல்லவா?

விலை குறைந்தது விரைவில் தேய்கிறது என்றால், தேர்ந்த ஆட்டக்காரர் உயர்ந்ததையே வாங்குவார் என்றுதான் நாமெல்லாம் எண்ணுவோம். நடைமுறை அவ்வாறில்லை. 1990 முதல் 1998 வரை தொடர்ந்து 9 முறையும், மொத்தத்தில் 12 முறையும் உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோவின் பெயரெழுத்துகளைத் தாங்கிய கே.சி. புரோ ராக், எளிதில் மாறாத உயர்வகைகளைச் சேர்ந்ததன்று. ஆடஆடப் பதம் மாறுவது. அத்தகைய தட்டுகள் பலவற்றை வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்கி, புதியது, நடுத்தரமானது, பழையது என மூன்றையும் ஒரே பையில் வைத்திருப்பது அவ்வாட்டத்தின் நெடுநாள் வழக்கம். வழி இடப்புறம் திரும்பினால் புதியது. இரு மரங்களுக்கு நடுவே நேராகச் செல்ல வேண்டுமானால் நடுத்தரமானது. வலப்புறம் மெல்ல வளைய வேண்டுமானால் பழையது. எதுவும் எதற்கும் தாழ்ந்ததன்று.

நம் பங்குகளின் நினைவு எங்களுக்கு அப்போது வந்தது. இளையோர் இயக்கம் ஒரு புறம் துடிப்புடன் இயங்குகிறது. முதியோருக்கு ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்தி, திருப்பலியில் முன்வரிசையில் அமரவைத்து, நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். பிணக்குற்ற குடும்பத்தில் நுழைந்து பேசவோ, இறப்பு நிகழ்ந்த வீட்டில் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கவோ வேண்டிய வேளையில், புதுத் தட்டின் வேகம் உதவாது. பலமுறை மோதித் தன் இழுப்பைத் தொலைத்த ஒருவரே அவ்வழியில் செல்லத்தக்கவர். 'நீங்கள் உட்காருங்கள்' என்பதற்குப் பதில், 'இங்கே நீங்கள்தான் செல்ல வேண்டும்' என்று சொல்லும் பங்கு பேறுபெற்றது.

இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையே சொன்னவர்களாவோம். ஆட்டத்தின் விதிகளில் எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தவை இரண்டு. முதலாவது: தட்டு பறக்கும் முறை மாறும்படி அதை வேண்டுமென்றே மாற்றியமைக்கலாகாது. கீறலையும் வார்ப்புப் பிசிறையும் அளவோடு தேய்த்து மழமழப்பாக்கலாம். ஆட்டத்தின் போக்கில் நேரும் தேய்வும் ஏற்கப்படும். தேய்வை நாமே செய்து வைப்பதற்கு மட்டும் இடமில்லை. இரண்டாவது: வெடிப்போ துளையோ விழுந்த தட்டை எறியலாகாது. அடிகள் எல்லாமே தட்டைப் பழக்குவதில்லை. சில அடிகள் அதை உடைத்துவிடும். குளிர்காலத்தில் விறைத்துப்போன பிளாஸ்டிக் மரத்தில் மோதி வெடிப்பதும் உண்டு.

இவ்விரு விதிகளும் நம் இல்லங்களுக்கும் வேண்டியவை. கணவனின் அடியைத் தாங்க இயலாமல் தாய்வீடு திரும்பிய பெண்ணிடம், 'இதுதான் உனக்கு ஆண்டவர் தந்த சிலுவை, பொறுத்துக்கொள்' என்று சொல்லி அனுப்பும் பழக்கம் இன்னும் நம்மிடையே உள்ளது. பிள்ளையை அடித்து வளர்த்தால்தான் பக்குவப்படும் என்போரும் உண்டு. துன்பத்தினால் மனிதர் கனிவுபெறுவது உண்மை. அது இறையருளின் செயல். ஆனால் கனிவு வரட்டும் என்று ஒருவர்மீது துன்பத்தைச் சுமத்த நமக்கு யார் உரிமை தந்தார்? பிளாஸ்டிக் தட்டுக்கே அந்த உரிமை மறுக்கப்பட்டிருக்கும்போது, இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட மனிதருக்கு எவ்வளவு மேலாக மறுக்கப்பட வேண்டும்! வெடிப்பு விழுந்தவரை மீண்டும் எறிவது தகாது. அவரை ஏந்திக்கொள்வதே நம் வேலை. ஆண்டவர் தாமே தேடிச்சென்று துன்பங்களை யார்மீதும் சுமத்தியதில்லை. சுமந்து சோர்ந்தவர்களைத் தம்மிடம் அழைத்தார்.

எட் ஹெட்ரிக் 2002-இல் இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே அவரது சாம்பலின் ஒரு பகுதி பிளாஸ்டிக்குடன் கலந்து நினைவுத் தட்டுகளாக வார்க்கப்பட்டது. நம் திருச்சபை இதை ஏற்பதில்லை. இறந்தோரின் சாம்பலைத் தூவுவதும், நினைவுப் பொருள்களாக மாற்றுவதும் கூடாதென்றும், அதைப் புனித இடத்தில் வைத்துக் காக்க வேண்டுமென்றும் வத்திக்கான் 2016-இல் வெளியிட்ட அறிவுரை கூறுகிறது. உடலின் உயிர்ப்பை நம்புகிறவர்களுக்கு அதுவே பொருத்தமானது. ஆயினும் அந்த மனிதரின் ஆசையை எங்களால் இகழ முடியவில்லை. செத்த பின்னும் அலமாரியில் இருக்க விரும்பாமல், யாரேனும் ஒருவர் கையிலிருந்து பறக்க விரும்பினார். பயன்பட வேண்டும் என்னும் அந்தத் தாகத்தை முதுமை எய்திய எவரும் அறிவர்.

நமக்கு அருளப்பட்ட எதிர்நோக்கு அதைவிடப் பெரிது. மயிலையில் இரத்தம் சிந்தினார் என்று நாம் வழிவழியாக நம்பும் தோமையாரிடம், உயிர்த்த ஆண்டவர் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். சாவையே வென்ற அவ்வுடலில் தழும்புகள் அழிக்கப்படவில்லை. தோமையார் அவரை அடையாளம் கண்டதும் அத்தழும்புகளால்தான். அவற்றை உண்டாக்கிய ஆணிகள் நல்லவை என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. அக்கொலை பாவம் என்றே சொல்கிறது. ஆனால் அந்தக் காயங்களை ஆண்டவர் வீணாக விடவில்லை. நம் வீட்டில், நம் தெருவில் தேய்ந்துபோன கைகளை நோக்கும்போது இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்வோம். அடித்தவர்களுக்காகச் சாக்குச் சொல்லாதிருப்போம். அடிபட்டவர்களைப் பயனற்றவர்கள் என ஒதுக்காதிருப்போம்.