முறையை மாற்றியவன் நான்

எங்கள் கிளை வாய்க்காலின் கடைமடையில் சம்பா காய்ந்ததற்குத் தண்ணீர்ப் பற்றாக்குறைதான் காரணம் என்று ஊர் நம்புகிறது. அது உண்மையில்லை. காரணம் நான்.

பட்டுக்கோட்டைப் பக்கம் பாயும் புதாறு, அதாவது கல்லணைக் கால்வாய், 1934-இல் மேட்டூர் அணையோடு வந்தது. அதன் கோடியில் இருக்கும் எங்களுக்கு எப்போது, எவ்வளவு வரும் என்பது நிச்சயமில்லை. கட்டுப்பாட்டுப் பொறியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் மடைகளை என் பொறுப்பில் விட்டார்கள். முறை வைத்துப் பாய்ச்சலாம். எல்லா மடையையும் கொஞ்சமாகத் திறந்தும் வைக்கலாம். எதில் நின்றிருந்தாலும் பயிர் பிழைத்திருக்கும். தலைமடைக்காரர் சத்தம் போட்டால் ஒன்று, நடுமடைக்காரர் வாசலில் வந்து நின்றால் மற்றொன்று என்று நான் தாவிக்கொண்டே இருந்தேன்.

மணற்பாங்கான வாய்க்கால். காய்ந்த படுகை குடித்தது போகத்தான் தண்ணீர் நகரும். கடைமடையைத் தொடுமுன் நான் மாற்றிவிடுவேன். படுகை மறுபடி காயும், மறுபடி குடிக்கும்.

இதைத்தான் வகுப்பில் நடத்தினேன். தனித்தனியே நிலைப்படுத்தும் இரண்டு கட்டுப்படுத்திகளைக்கூட அவசரமாக மாற்றிமாற்றிப் போட்டால் அமைப்பு நிலைகுலையலாம். ஒவ்வொரு மாற்றமும் கிளப்பும் அலைவு அடங்க நேரம் வேண்டும். மாறியபின் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஆய்வாளர் ஸ்டீபன் மோர்ஸ் 1996-இல் எழுதியதையும், சராசரியாக நின்றால் போதும் என்று 1999-இல் ஹெஸ்பானாவும் அவரும் தளர்த்தியதையும் கரும்பலகையில் நிறுவிக் காட்டியிருக்கிறேன். நேர்கோட்டுக்கு அடங்காத, தன்மை சரியாகத் தெரியாத அமைப்பென்றால் இன்னும் கவனம் வேண்டும் என்பேன்.

தெரிந்தேதான் மாற்றினேன். என் முகத்துக்கு நேரே யாரும் கோபப்படக் கூடாது, அவ்வளவுதான். கேட்டவர்களிடம், "நிலைமை மாறுது, நாமளும் மாறணும்ல" என்று படித்தவன் தோரணையில் சொன்னேன்.

கடைசி மடைக்கார அக்கா சத்தமே போடவில்லை. "நாளைக்கு எங்க முறைதானே தம்பி?" என்பார். "ஆமாக்கா" என்பேன். அவர் நம்பி வீட்டுக்குப் போனபின் ஷட்டரை மாற்றச் சொல்லியிருப்பேன். சத்தம் போடாதவர் என்பதால்தான் அவர் வயலைப் பலிகொடுத்தேன். கதிர் வரும் நேரத்தில் பயிர் பதராகிப் போனது.

மேட்டூரைக் குறை சொல்லி அவரைத் தேற்றியதும் நானே. அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவர் முன்னால் இதைச் சொல்லப்போகிறேன். அந்தப் போகத்து நெல்லுக்கு ஈடு தருவேன். மடைகளை இனி வேறொருவர் பார்க்கட்டும்.