தக்கை அசையும் நேரம்

நற்செய்தி நூல்களில் வலை பலமுறை வீசப்படுகிறது. தூண்டிலோ ஒரே ஒருமுறைதான் போடப்படுகிறது. கோவில் வரிக்கான நாணயத்தை, முதலில் அகப்படும் மீனின் வாயில் கண்டெடுக்குமாறு பேதுரு அனுப்பப்பட்டதை மத்தேயு தம் 17-ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். வலை வீசியே வாழ்ந்த மனிதருக்கு அன்று தூண்டில் கொடுக்கப்பட்டது ஏன்? வலை ஒரு கூட்டத்தை அள்ளுகிறது. தூண்டில் ஒன்றே ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. இந்த வேறுபாட்டின் பொருளை, சென்ற தை மாதத்தில் கோமுகி ஆற்றங்கரையில் கழிந்த ஒரு பகல் எங்களுக்குச் சற்று விளக்கிற்று.

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி, கச்சிராயபாளையத்திற்கு அருகே அணையில் தேங்கி, பின்னர் மணிமுக்தாவோடு கலந்து, வெள்ளாற்றின் வழியாகப் பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செந்நீராய்ப் புரளும் ஆறு, தை பிறந்ததும் தெளிந்துவிடும். அணைக்கு மேலே, மலையடிவாரத்தில், மர நிழல் விழும் ஒரு மடுவின் கரையில் நால்வர் அமர்ந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், மலையில் மரவள்ளியும் சாமையும் பயிரிடும் நண்பர் ஒருவர். இவர்களோடு பங்குப் பணியின் இடையே ஒரு நாள் ஓய்வு கிடைத்த குருவானவர்.

கருவிகள் மிக எளியவை. மூங்கில் கழி, நைலான் நரம்பு, முள், சிறு ஈயத்துண்டு, மண்புழு. இவற்றோடு, உதிர்ந்த மயிலிறகின் தண்டை நறுக்கிச் செய்த தக்கை. மலைவாழ் நண்பரே அன்று எங்களுக்கு ஆசான்.

"மொதல்ல ஆழம் பாருங்க சாமி. தக்கை படுத்துக் கெடந்தா ஈயம் தரையில கெடக்குதுன்னு அர்த்தம். நிமிந்து நின்னாத்தான் சரி" என்றார்.

தக்கையை நரம்பில் மேலும் கீழும் நகர்த்தி, நீரின் ஆழத்திற்கு ஏற்ப நிறுத்துவதே இக்கலையின் பாதி. மறுபாதி, அசைவைப் படிப்பது. பொடி மீன்கள் கொறிக்கும்போது தக்கை துள்ளும்; அப்போது இழுப்பவருக்கு வெறும் முள்தான் மிஞ்சும். கெளுத்தி கவ்வினால் தக்கை ஆரவாரமின்றி மெல்ல உள்ளே அமிழும். துள்ளுவதெல்லாம் மீனல்ல என்பதை அறியவே எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

ஓரிடத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் நீரின் மேல் கொப்பளித்தன. விரால் தன் குஞ்சுகளைப் பிரியாமல் காவல் காக்கும் மீன். ஆசிரியர் ஆவலோடு கழியை அங்கே திருப்பினார். "வேணாங்க வாத்தியாரே. தாயைப் புடிச்சா அத்தனையும் போயிடும்" என்று மலைவாழ் நண்பர் தடுத்தார். கழி திரும்பிற்று.

ஓட்டுநரின் கழி மட்டும் நிலைகொள்ளாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடே அறியும். அச்செய்தி வந்த நாளில் குடியை விட்டவர் அவர். உச்சிப்பொழுது கடந்தபின், யாரும் கேளாமலே பேசினார்.

"வண்டி ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியல சாமி. வேலையில்லாத சாயங்காலம்தான் கஷ்டம். கை சும்மா இருந்தா மனசு அங்கேயே போவுது. இதைப் புடிச்சா கண்ணு தக்கையிலயே நிக்குது."

சற்று நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் மலைவாழ் நண்பர் தம் வேதனையைச் சொன்னார்: "எங்க ஊரு மலையிலன்னு சொன்னாலே, சாராயமான்னு கேக்குறாங்க. சாமை வெதைக்கிறவனும் அங்கதான் இருக்கான்."

அவ்விருவருக்கும் ஆறுதலாகச் சொல்ல மறையுரைகளில் வாக்கியங்கள் ஆயிரம் உண்டு. அன்று அவை தேவைப்படவில்லை. ஓட்டுநரின் தக்கை மெல்ல அமிழ்ந்தது, மலைவாழ் நண்பர் "இப்போ!" என்றார். மேலே வந்தது உள்ளங்கை நீளக் கெளுத்தி. கருவாட்டுக் கடையிலும் விலை போகாத அச்சிறு மீனைக் கண்டு அவர் சிரித்த சிரிப்பை, அண்மையில் அவர் வீட்டார்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

தியானங்களும் மதுவிலக்குப் பேரணிகளும் வலைகள். அவை வேண்டியவையே. ஆயினும் ஒரு மனிதனின் ஒரு மாலை நேரம் வலையில் அகப்படுவதில்லை. அவனுடைய ஆழம் எவ்வளவு என்று பார்த்து, நம் பேச்சை அதற்கேற்ப நிறுத்தி, அருகிலேயே அமர்ந்திருக்க ஒருவர் வேண்டும். உவமையை இதற்குமேல் நீட்டினால் முறிந்துவிடும். தூண்டிலில் மீன் மடிகிறது, நாம் விரும்புவதோ நண்பர் பிழைப்பதை. காத்திருத்தல் ஒன்றே இரண்டுக்கும் பொது.

அன்று அகப்பட்ட ஜிலேபியும் கெண்டையும் மலைவாழ் நண்பரின் வீட்டு மண்சட்டியில் குழம்பாகிச் சாமைச் சோற்றோடு எங்கள் பசியாற்றின. கைகழுவும்போது ஓட்டுநர் கேட்டார்: "ஐப்பசியில ஆறு கலங்கிடுமே, அப்போ என்ன பண்றது?" அது மீனைப் பற்றிய கேள்வியன்று என்பது எங்கள் அனைவருக்கும் புரிந்தது.

"எங்க வீட்டுத் திண்ணை எங்கயும் போயிடாதுப்பா. பொழுது சாஞ்சா வந்துடு" என்றார் ஆசிரியர்.

அன்பு வாசகர்களே, உங்கள் தெருவிலும் மாலை நேரத்திற்கு அஞ்சும் ஒருவர் இருக்கக்கூடும். உங்கள் வீட்டிலும் ஒரு திண்ணை இருக்கிறதல்லவா?