பொழுது சாயுமுன் விரிக்கும் போர்வை

வேதவாசிப்பு: ரூத் 2:8–16, 3:9



ஒன்ராறியோவின் தென்பகுதியில் மே மாதத்தின் முதற்பாதி தோட்டக்காரரை ஏமாற்றவல்ல காலம். பகலில் வெயில் இதமாக எறிக்கும், மரங்கள் தளிர்விடும், கடைவாசல்களில் தக்காளி நாற்றுகள் வரிசையாக வந்து நிற்கும். பங்குனி மாதத்திலேயே சாளரத்தருகே சிறு கிண்ணங்களில் விதை போட்டு, பிள்ளையைப்போல் பார்த்து வளர்த்த மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் எப்போது வெளியே போகலாம் என்று கேட்பதுபோல நிற்கும். ஆயினும் விக்டோரியா தினம், அதாவது மே 25-க்கு முந்திய திங்கட்கிழமை, கடக்குமுன் இவற்றை நிலத்தில் நடவேண்டாம் என்பது இவ்விடத்துத் தோட்டக்காரர் வழிவழியாய்ச் சொல்லும் புத்தி. அதற்குக் காரணம் உண்டு. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில், அன்னையர் தினத்தையொட்டி, ரொறன்ரோவில் வெண்பனியே தூறியதை நம்மில் அநேகர் மறந்திருக்கமாட்டோம்.

நம்முடைய தாய்மொழியில் பனி என்னும் ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. யாழ்ப்பாணத்திலும் தஞ்சையிலும் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனிதான். இங்கே தை மாதத்தில் முழங்காலளவு குவிந்து கிடப்பதும் பனிதான். நுவரெலியாவிலும் நீலகிரியிலும் வாழ்ந்தவர்களைத் தவிர, நம்மில் பெரும்பாலோர் ஊரில் உறைபனியைக் கண்டதில்லை. ஆகவே பனி ஓர் உயிரைக் கொல்லக்கூடும் என்பதை நாம் இந்நாட்டிற்கு வந்தபின்பே அறிந்தோம்.

ஐரோப்பாவின் கிறிஸ்தவ உழவர்களோ இதை நூற்றாண்டுகளாக அறிந்திருந்தார்கள். மே 11, 12, 13 ஆகிய நாள்கள் மாமெர்த்துஸ், பங்கிராசியுஸ், செர்வாத்தியுஸ் என்னும் மூன்று பரிசுத்தவான்களின் நினைவுநாள்கள். வசந்தத்தின் நடுவே குளிர் திரும்பி வரும் வேளை அதுவாகையால், உழவர்கள் அவர்களைப் பனிப் புனிதர்கள் என்றே அழைத்தார்கள். அந்த நாள்கள் கழியும்வரை இளங்கன்றுகளை வெளியே விடமாட்டார்கள். அவர்களில் பங்கிராசியுஸ் ரோமாபுரியில் பதினான்கு வயதில் இரத்தசாட்சியாய் மரித்தவன் என்பது திருச்சபையின் மரபு. இளந்தளிர்களுக்காக அஞ்சும் நாளொன்று ஓர் இளைஞனின் பெயரைத் தாங்கியிருப்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

உறைபனி எப்படி இறங்குகிறது? புயலோடும் இரைச்சலோடும் அல்ல. பெரும்பாலும் அது மிக அழகான இரவுகளிலேயே வருகிறது. வானத்தில் மேகமில்லை, காற்று அசைவதில்லை, நட்சத்திரங்கள் தெளிவாய்த் தெரிகின்றன. பகல் முழுவதும் சூரியனிடம் பெற்ற வெப்பத்தை நிலம் இரவெல்லாம் வானத்திற்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல அந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மேகமில்லாத இரவிலோ தடுப்பார் இல்லை. குளிர்ந்த காற்று கனமானதாகையால் தாழ்ந்த இடங்களில் போய்த் தேங்குகிறது. ஆகவே தலையளவு உயரத்தில் வெப்பமானி 2 அல்லது 3 பாகை காட்டும்போதே தரையையொட்டிய இலை உறைநிலைக்குக் கீழே போய்விடக்கூடும். விடியற்காலத்திலேதான் குளிர் உச்சத்தை அடைகிறது. இலையின் உயிரணுக்களுக்கு இடையே பனிக்கட்டி உண்டாகி, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. காலையில் பார்த்தால் இலைகள் வெந்தவைபோல் கறுத்துத் தொங்கும். கோவாவும் பட்டாணியும் இலேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும். மிளகாயும் கத்தரியும் வெப்பநாட்டுப் பிள்ளைகள். 10 பாகைக்குக் கீழே இறங்கினாலே அவற்றின் வளர்ச்சி தடைப்படும்.

எங்கள் சபையில் எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார் இருக்கிறார். எல்லோரும் அவரை ஆச்சி என்றே அழைப்போம். உறைபனி அறிவிப்பு வந்த ஒரு மாலையில் அவருடைய வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றபோது, பழைய படுக்கை விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வளவில் நின்றார். வெயில் இன்னும் இருக்கிறதே, இப்போதே ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஐயா, இந்தத் துணி கண்டுக்குச் சூடு குடுக்காது. நிலம் பகல் முழுக்க வாங்கி வைச்ச சூடு ஓடிப்போகாமல் மறிக்கும், அவ்வளவுதான். இருட்டின பிறகு மூடினால் மறிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பிற்பகலிலேயே மண்ணுக்கு நீர் வார்த்திருந்தார். ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைத் தாங்கிவைக்கும். விரிப்பைக் கன்றின் தலையில் மட்டும் போட்டுத் தண்டோடு சேர்த்துக் கட்டாமல், கூடாரம்போல் நாற்புறமும் தரைவரை இறக்கி, ஓரங்களில் கற்களை வைத்தார். துணி நிலத்தைத் தொடாவிட்டால் நிலத்தின் வெப்பம் கன்றைச் சேராமல் பக்கவாட்டில் போய்விடும். துணி இலைமேல் கிடவாதபடி குச்சிகளும் நட்டிருந்தார். போர்வை தொட்டுக்கொண்டிருக்கும் இலைக்கு, அந்தப் போர்வையின் வழியாகவே குளிர் ஏறும். பிளாஸ்டிக் விரிப்பானால் சேதம் இன்னும் அதிகம்.

பிரியமானவர்களே, அதே வசந்தத்தில் எங்கள் சபையிலிருந்த ஒரு மாணவனுடைய தகப்பனார் ஊரிலே திடீரென மரித்தார். அவன் இந்நாட்டிற்கு வந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலவறையில் வாடகைக்கு இருந்தான். அவனுடைய அனுமதிப் பத்திரம் பரிசீலனையில் இருந்தபடியால், போனால் திரும்பிவர முடியாதென்ற நிலை. ஒரே மகன் தகப்பனின் அடக்க ஆராதனையைக் கைப்பேசியின் திரையிலே பார்த்தான். இணைப்பு இரண்டு முறை அறுந்தது. கல்லறையில் முதற்பிடி மண்ணை வேறொருவர் போட்டார்.

அதன்பின் அவன் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினான். வகுப்புகளுக்கும் போகவில்லை. படிப்பை விட்டுவிடப் போவதாகவும், ஜெபிக்க முயன்றால் வாய் வரவில்லையென்றும் என்னிடம் சொன்னான். எங்களில் சிலர் அவனுக்கு வேதவசனங்களை அனுப்பினோம். அவை நல்ல வசனங்களே. ஆச்சியோ இரண்டு தெரு நடந்து, ஒவ்வொரு மாலையும் பொழுதுபடுமுன் அவனுடைய அறைக்குப் போனார். இடியப்பமும் சொதியும் கொண்டுபோவார். "சாப்பிட்டியோ அப்பன்?" என்று கேட்பார். பிறகு அவனுடைய தகப்பனைப்பற்றிக் கேட்பார். அவர் என்ன பயிர் செய்தார், எந்தக் கதிரையில் இருந்து ஜெபிப்பார், குடும்ப ஜெபத்தில் யாரை முதலில் வாசிக்கச் சொல்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவன் சொல்வான்; சொல்லும்போது அழுவான். ஆச்சி இருந்து கேட்டுவிட்டு, இருட்டியபின் அவருடைய மகன் வந்து அழைத்துப்போவார்.

ஏன் மாலையிலேயே போகிறீர்கள் என்று கேட்டேன். "அவன் தனிய இருக்கிறது இரவிலைதானே ஐயா," என்றார்.

ரூத்தின் சரித்திரத்தை இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். அவளும் அந்நிய நாட்டில் வந்திறங்கியவள்; புருஷனை இழந்தவள்; வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் பெத்லகேமுக்கு வந்து, பிறருடைய வயலில் கதிர் பொறுக்கினவள். இரண்டாம் அதிகாரத்தில் போவாஸ் அவளை ஆசீர்வதிக்கும்போது, இஸ்ரவேலின் தேவனுடைய செட்டைகளின்கீழ் அடைக்கலம் தேடி வந்தவள் என்று அவளைக் குறித்துச் சொல்லுகிறான். மூன்றாம் அதிகாரத்தில், களத்தின் இரவில், ரூத் போவாஸிடம் அவனுடைய போர்வையைத் தன்மேல் விரிக்கும்படி கேட்கிறாள். நம் தமிழ் வேதாகமத்தில் செட்டை என்றும் போர்வை என்றும் இரு சொற்களாக நிற்பது எபிரெய மொழியில் கானாஃப் என்னும் ஒரே சொல். பறவையின் சிறகிற்கும் ஆடையின் ஓரத்திற்கும் அம்மொழியில் பெயர் ஒன்றே. கர்த்தருடைய சிறகின்கீழ் வந்தவள் என்று ஆசீர்வாதம் சொன்ன மனிதனிடத்திலேயே, அந்தச் சிறகு அவனுடைய போர்வையாக விரியவேண்டுமென்று கேட்டுக்கொண்டு அந்த ஆசீர்வாதம் திரும்பி வந்தது.

இதிலே ஒன்றைக் கவனியுங்கள். ரூத்தின் விசுவாசத்தைப் போவாஸ் உண்டாக்கவில்லை. நகோமியோடு அவள் வழிநடந்தபோதே அது அவளுக்குள் இருந்தது. அவன் செய்ததெல்லாம் அது அணைந்துபோகாதபடி சுற்றிலும் காவல் வைத்ததுதான். தன் வேலைக்காரிகளோடு நிற்கச் சொன்னான். தாகமெடுத்தால் குடிக்க இடங்காட்டினான். ஒருவரும் அவளைத் தொடாதபடி கட்டளையிட்டான். அவள் வெட்கப்படாமல் பொறுக்கிக்கொள்ளும்படி கதிர்களை வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னான். போர்வையைத் தரைவரை இறக்குவது இதுவே. நம்முடைய அனுதாபம் ஞாயிற்றுக்கிழமையின் கைகுலுக்கலில் நின்றுவிட்டால், அது கன்றின் தலையில் மட்டும் கட்டிய துணி. வாடகை, உணவு, விண்ணப்பப் படிவம், மாலைநேரத் தனிமை என்னும் தரையை அது தொடவேண்டும்.

ஆறுதல் சொல்லுகிறவர்கள் தங்களை அறியாமலே இலையின்மேல் படுத்துவிடுவதுண்டு. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல போர்வையாயிருந்தார்கள். வாய்திறந்து காரணம் விளக்கத் தொடங்கியபோதோ குளிராகிப்போனார்கள். துக்கப்படுகிறவனுக்கும் நமக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியிலேதான் தேவன் முன்னமே அவனுக்குள் வைத்த வெப்பம் தங்குகிறது. அந்த மாணவனின் தகப்பன் இருபது வருடம் மாலைதோறும் அவனை அருகில் இருத்தி ஜெபித்திருந்தார். அதுவே அவனுடைய நிலம் பகலில் வாங்கிவைத்த வெப்பம். ஆச்சி அவனுக்குப் புதிதாக ஒன்றையும் கொடுக்கவில்லை. இருந்தது போய்விடாமல் மறித்தார்.

மூன்றாவது வாரத்தில் அவன் ஆலயத்திற்கு வந்தான். கடைசி வரிசையில் இருந்தான், பாடவில்லை. ஆராதனை முடிந்தபின், தகப்பனார் மாலைதோறும் வாசிக்கும் சங்கீதத்தை அடுத்த வாரம் தான் வாசிக்கலாமா என்று கேட்டான். வாசித்தான். பாதியில் குரல் அடைத்தது, நின்று, முடித்தான். மறுவாரம் ஆச்சி அவனுடைய அறைக்கு நாள்தோறும் போவதை நிறுத்தி, வாரத்தில் ஒருநாளாக்கினார். விடிந்தபின்னும் போர்வையை எடுக்காவிட்டால் நண்பகல் வெயிலில் கன்று உள்ளேயே வெந்துவிடும் என்பதையும் அவர் அறிந்தவர். "இனி அவனுக்கு வெயில் படவேணும்," என்றார்.

போர்வை விரித்த எல்லாக் கன்றும் பிழைத்துவிடும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். சாதாரணத் துணி காப்பது இரண்டு மூன்று பாகைக் குளிரிலிருந்துதான். காற்றோடு வரும் கடுங்குளிரில் அதுவும் போதாது. நாம் உண்மையாய் மூடியும் இழந்துபோன பிள்ளைகளின் பெயர்கள் நம் ஜெபங்களில் உண்டு. அவர்களுக்காக ஒரு வார்த்தை: கருகிய செடியை மறுநாளே பிடுங்கிவிட வேண்டாம் என்கிறார்கள் தோட்டக்காரர். உருளைக்கிழங்கின் இலைகள் உறைபனியில் முற்றிலும் கறுத்தாலும், மண்ணுக்குள்ளிருக்கும் கிழங்கு மீண்டும் முளைவிடும். நமக்குத் தெரியாத ஆழத்தில் எது உயிரோடிருக்கிறதென்று நிலத்தின் ஆண்டவர் அறிவார். நெரிந்த நாணலை முறியாதவரென்று ஏசாயா 42-ஆம் அதிகாரம் காட்டும் அந்த ஊழியக்காரர், நாம் கைவிட்ட இடத்திலும் காத்திருக்கிறார்.

இந்த வாரம் உங்கள் சபையில், உங்கள் வேலைத்தலத்தில், நீங்கள் இருக்கும் அடுக்குமாடியில், அண்மையில் வேர்பிடிக்க வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வெப்பம் கொடுக்க உங்களால் ஆகுமோ என்று கலங்கவேண்டாம். அது கர்த்தருடைய வேலை. வானம் தெளிந்து அழகாயிருக்கும் மாலையிலேயே, எல்லாம் நலமென்று தோன்றும்போதே, பொழுது சாயுமுன் அவருடைய கதவைத் தட்டுங்கள்.

ஜெபம்: அன்பின் பரம தகப்பனே, அந்நியராய் வந்த எங்களை உம்முடைய செட்டைகளின்கீழ் சேர்த்துக்கொண்டதற்காக நன்றி சொல்லுகிறோம். தூரதேசத்தில் தங்கள் துக்கத்தைத் தனியே சுமக்கிற பிள்ளைகளை நினைத்தருளும். உம்முடைய சிறகு அவர்கள்மேல் விரியும்படி எங்கள் கைகளிலுள்ள பழைய விரிப்புகளை எடுத்துப் பயன்படுத்தும். எப்போது மூடவேண்டும், எப்போது விலகவேண்டும் என்னும் ஞானத்தை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.