பள்ளி அணியா, மாலைத் திடலா?



எங்கள் தியாகதுருகத்தில் ஒரு பையன் விளையாட்டில் சற்றுத் தேறிவிட்டால் உறவினர்கள் கேட்கும் முதற்கேள்வி, "ஸ்கூல் டீம்ல இருக்கானா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "சர்டிபிகேட் வருமா?" என்பது. என் மகன் சென்ற கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது தன் பள்ளிக்கூடத்து ஹாக்கி அணிக்குத் தேர்வானான். இவ்விரு கேள்விகளும் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தன. சில மாதங்கள் கழித்து அவன் அந்த அணியிலிருந்து விலகி, மலைக்கோட்டையின் அடிவாரத்தில் மாலைதோறும் கூடி ஆடும் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டான். அவன் தாயும் நானும் அதற்கு உடன்பட்டோம். ஏன் உடன்பட்டோம் என்பதை, இதே முடிவின் முன் நிற்கும் பெற்றோருக்குப் பயன்படக்கூடும் என்று கருதி எழுதுகிறேன்.

முதலில், பள்ளி அணியின் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிகளுக்கிடையேயான போட்டிகள் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலேறுபவை. அப்படிகளில் உயர ஏறியவனுக்கு அரசு சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் அவர்களுக்கென உள்ளன. எங்களைப் போன்ற சிற்றூர்க் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தி அன்று. என் மைத்துனர் இதைத்தான் எடுத்துச் சொன்னார்: "மச்சான், படிப்புல கொஞ்சம் பின்னால இருக்கிற பையன். ஒரு சர்டிபிகேட் கையில இருந்தா நாளைக்கு உதவும். சும்மா விளையாடுறதுக்கு யாரு மார்க் தருவா?"

அவர் கூற்றில் தவறில்லை. ஆனால் அந்த இடங்களைப் பெறுகிறவர்கள் பெரும்பாலும் மாநில, தேசிய அளவில் ஆடியவர்கள். குறுவட்டத்தோடு நின்றுவிடும் பிள்ளைக்கு அச்சான்றிதழ் ஒரு நினைவுப்பொருள் மட்டுமே. என் மகன் நன்றாக ஆடுவான். அதற்குமேல் அவனைப் புகழ எனக்கு வாய் வரவில்லை. அவன் மாநில அணிக்குச் செல்வான் என்று அவனுடைய பயிற்சி ஆசிரியரும் சொல்லவில்லை, அவனும் நம்பவில்லை.

ஓர் அணியில் பதினெட்டுப் பேரைச் சேர்க்கிறார்கள். களத்தில் நிற்பவர்கள் பதினொருவர். எஞ்சிய எழுவர் வெளியே அமர்ந்திருப்பார்கள். ஹாக்கியில் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பதினெட்டுப் பேரையும் ஆடவிடுவதற்கு விதி தடையில்லை. தோற்றுவிடுவோமோ என்னும் அச்சமே தடை. ஒரு தோல்வியோடு அவ்வாண்டின் போட்டியே முடிந்துவிடும் என்ற நிலையில், எந்த ஆசிரியரும் தம் சிறந்த பதினொருவரையே நம்புவார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. என் மகன் இருந்த அணி இரண்டாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. அவ்விரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து அவன் களத்தில் நின்றது ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்காக மூன்று மாதங்கள் விடியற்காலையும் மாலையும் மைதானத்துக்குச் சென்று வந்தான்.

ஒருநாள் இரவு உணவின்போது அவனே பேச்சை எடுத்தான். "அத்தா, எனக்கு விளையாடணும். உட்கார்ந்து பார்க்கிறதுன்னா நம்ம வீட்டு டிவியே போதுமே" என்றான். சினமோ அழுகையோ இல்லாமல் அவன் இதைச் சொன்னதால், நாங்கள் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டோம்.

பள்ளி அணியின் கால அட்டவணையும் எங்களுக்கு நெருக்கடியாக இருந்தது. மாலைப் பயிற்சி மஃரிப் நேரத்தைக் கடந்து நீளும். மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலில் நடக்கும் குர்ஆன் வகுப்புக்கு அவன் வாரத்தில் இரண்டு நாள்கூட ஒழுங்காகச் செல்ல முடியவில்லை. பயிற்சியின் இடையே தொழ அனுமதி கேட்டால் ஆசிரியர் மறுக்கமாட்டார். ஆனால் நாள்தோறும் கேட்டு நிற்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எளிதன்று.

மாலைத் திடலின் நடைமுறை வேறு. கல்லூரி நாள்களில் ஹாக்கி ஆடிய ஓர் இளைஞர், தம் கடையைச் சிறிது நேரம் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து பிள்ளைகளை ஒழுங்குபடுத்துகிறார். பக்கத்துக்கு ஐவர். முதலில் இரண்டு கோல் வாங்கிய அணி வெளியே போக வேண்டும். காத்திருக்கும் அணி உள்ளே வரும். ஒவ்வொரு ஐவரிலும் ஒரு சிறுவனாவது இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். பந்தை முழங்காலுக்குமேல் தூக்கியடித்தால் அன்று அவனுக்கு ஆட்டம் இல்லை. மட்டை இல்லாதவனுக்கு வெளியே நிற்பவன் தன் மட்டையைத் தருகிறான். நம் பிள்ளைகளும் இந்துச் சகோதரர்களின் பிள்ளைகளும் கலந்தே ஆடுகிறார்கள். பாங்கு ஒலித்ததும் ஆட்டம் நின்றுவிடுகிறது. தொழச் செல்பவர்கள் செல்ல, மற்றவர்கள் கோல் கற்களை ஓரமாக எடுத்து வைக்கிறார்கள். ரமளானில் ஆட்டம் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிந்திய ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

இதைத் தெருவிளையாட்டு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஐவர் ஹாக்கி 2014இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அதன் முதல் உலகக் கோப்பை 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்தது. ஆட்டக்காரர்கள் குறைந்தால் ஒவ்வொருவருக்கும் பந்து அதிகம் கிடைக்கும், கற்பதும் அதிகமாகும். என் மகன் திடலில் ஒரு மாலையில் தொடும் பந்துகளின் எண்ணிக்கை, அந்தப் பருவம் முழுதும் போட்டிகளில் அவன் தொட்டவற்றைவிட அதிகம்.

விளையாட்டை நம் மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் இங்கே நினைவுகூர்வது தகும். அஸ்லம் குலத்தார் அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு தரப்பை ஊக்குவித்து அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். உடனே மறுதரப்பார் எய்வதை நிறுத்திவிட்டனர். நபிகளார் எதிரணியில் இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்று அவர்கள் தயங்கியதும், தாம் இரு தரப்போடும் இருப்பதாகக் கூறி அவர்களைத் தொடரச் செய்தார்கள். இந்நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரு தரப்பு வெல்ல வேண்டும் என்பதைவிட, எல்லாரும் எய்ய வேண்டும் என்பது அங்கே முன்னிற்கிறது. எவராலும் முந்தப்படாத அள்பா என்னும் நபிகளாரின் ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் இளம் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்துவதும் உண்டு என்று நபிகளார் அவர்களைத் தேற்றினார்கள். தோல்வியை இவ்வளவு இலகுவாக ஏற்கப் பழக்கும் இடம் எது என்று பார்த்தால், நாளைக்கும் ஆட்டம் உண்டு என்ற உறுதி இருக்கும் திடல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இதை எல்லாப் பிள்ளைகளுக்குமான தீர்ப்பாக நான் சொல்லவில்லை. வெளியே அமர்ந்திருப்பது எப்போதும் வீண் அன்று. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பையின் அரையிறுதியில் மலேசியாவிடம் இந்தியா தோற்கும் தறுவாயில் இருந்தது. அப்போது மாற்று ஆட்டக்காரராக இறங்கி, பெனால்டி கார்னரில் சமன் செய்தவர் போபாலைச் சேர்ந்த அஸ்லம் ஷேர் கான். அவ்வாண்டு இந்தியாவே கோப்பையை வென்றது. நம் மாநிலத்தில் கோவில்பட்டியின் அரசு விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினர். சென்னையின் முகமது ரியாஸ் 1996, 2000 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். அத்தகைய திறனும் தாகமும் உள்ள பிள்ளைக்குத் திடல் போதாது; செயற்கைப் புல்தரையும் முறையான பயிற்சியும் கடும் போட்டியும் வேண்டும். அவனைப் பள்ளி அணியிலிருந்து இழுத்துக்கொண்டு வருவது அவனுக்கு இழைக்கும் அநீதியாகும்.

என் மகளின் விஷயத்தில் நாங்கள் எடுத்த முடிவும் இதற்கு நேர்மாறானது. அண்ணனின் மட்டையை எடுத்து முற்றத்தில் ஆடிப் பழகியவள் அவள்; இப்போது ஏழாம் வகுப்பு. மாலைத் திடலில் பெண்பிள்ளைகள் எவரும் இல்லை. அவள் ஆட விரும்பினால் பள்ளிக்கூடத்து அணி ஒன்றே வழி. அங்கே ஓர் ஆசிரியை இருக்கிறார். தலைத்துணியும் நீண்ட காற்சட்டையும் அணிந்து ஆடுவதற்கு அவர் தடை சொல்லவில்லை. ஆகவே அவளைச் சேர்த்தோம். "அண்ணனுக்கு மட்டும் எப்ப வேணும்னாலும் கிரவுண்டு இருக்கு. எனக்கு ஸ்கூல் லீவு விட்டா விளையாட்டும் லீவா, அத்தா?" என்று மே மாதத்தில் கேட்டாள். நான் அவளுக்குச் சொல்லத் தக்க விடை இன்னும் என்னிடம் இல்லை.

ஆகவே பெற்றோர் பார்க்க வேண்டியது பள்ளியா, திடலா என்பதை அன்று. பிள்ளை உண்மையில் எங்கே ஆடுகிறது என்பதைத்தான். ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் பந்து அதன் காலடியில் இருக்கிறது? தொழுகையும் படிப்பும் உறக்கமும் அதற்கு இடையில் இடம் பெறுகின்றனவா? இருபது வயதிலும் அது அந்த மட்டையை விரும்பி எடுக்குமா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால், உறவினரின் சான்றிதழ்க் கேள்விக்கும் அமைதியாக விடை சொல்லலாம்.

நம் ஜமாஅத் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்பிள்ளைகளுக்குத் தெருவும் திடலும் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. பெண்பிள்ளைகளுக்கு யாராவது ஏற்பாடு செய்தால்தான் கிடைக்கும். நம் பராமரிப்பில் உள்ள கல்விக்கூட வளாகங்களில், சுற்றுச்சுவருக்குள், வாரத்தில் இரண்டு மாலைகளை அவர்களுக்கென ஒதுக்கி, தாய்மார் இருவரைப் பொறுப்பில் வைத்தால் போதும். செலவு சில மட்டைகளும் பந்துகளும்தான். அடுத்த கோடை விடுமுறைக்குள் எங்கள் ஊரில் இதைத் தொடங்கிவிட முயல்கிறோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் ஊரிலும் தொடங்குங்கள்.