காகிதக் கப்பலும் ஷுக்ரும்

வடகிழக்குப் பருவமழை தாம்பரத்தைத் தொட்டுவிட்டால், முடிச்சூர்ப் பக்கம் நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபில் பிள்ளைகளின் கவனம் பாடத்தில் நிற்பதில்லை; ஜன்னலுக்கு வெளியே ஓடும் தண்ணீரில் நிற்கும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை அதட்டி அடக்குவதைவிட மழையையே பாடமாக்குவது நன்று என்று எண்ணி, சென்ற ஆண்டு ஒரு மாலையில் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தோம். "உங்களுக்கு உதவி செய்த ஒருவரின் பெயரையும் அந்த உதவியையும் எழுதிக் கப்பல் மடியுங்கள், நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிடுவோம்" என்றோம்.

தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் நன்னிமா, கணக்குச் சொல்லித்தரும் பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வேன் அங்கிள் என்று எழுதினார்கள். மடித்து முடித்ததும் ஒரு சிறுவனின் முகம் வாடியது. "ஹஜ்ரத், எழுதினது உள்ளே மறைஞ்சு போச்சே! அவங்க எப்படிப் படிப்பாங்க?"

அறியாமலே அவன் பெரிய பாடமொன்றைத் திறந்துவிட்டான். அரபு மொழியில் 'குஃப்ர்' என்பதன் வேர்ப்பொருள் மூடுதல், மறைத்தல் என்பதாம். விதையை மண்ணால் மூடுவதனால் உழவனையும் பழைய அரபு 'காஃபிர்' என்று குறித்தது. நன்றி மறத்தலுக்கும் அதுவே சொல். அதற்கு எதிர்நிற்பது 'ஷுக்ர்'. தின்ற தீனி உடலில் தெரியுமாறு கொழுக்கும் கால்நடையை அரபிகள் 'ஷகூர்' என்பார்கள். திருக்குறளின் 11ஆம் அதிகாரமோ 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர் பெற்றுள்ளது. அங்கே நன்றி என்றால் நன்மை. செய்த நன்மையை முதலில் அறிய வேண்டும். அறிந்ததை மறைக்காதிருக்க வேண்டும்.

தாள்களைப் பிரித்து, எழுத்து வெளியே தெரியுமாறு மீண்டும் மடித்தோம். அப்பொழுது அதே சிறுவன், "உங்க கப்பல்ல யார் பேரு ஹஜ்ரத்?" என்றான். நமக்கு நா எழவில்லை.

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஏரிகளின் உபரிநீரும் அடையாற்று வெள்ளமும் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தன. இராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. கடலோர மீனவர்களும் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களுள் ஒருவர்தாம் வயது முதிர்ந்த நம் தாயாரைத் தூக்கிவந்து படகில் அமர்த்தினார். தம் தலைத்துண்டை அவிழ்த்து அவர்களுடைய தோளில் போர்த்தினார். மேட்டில் இறங்கியதும் நாம் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று உரக்கச் சொன்னோம். படகு அடுத்த வீட்டை நோக்கித் திரும்பிவிட்டது. அவர் பெயரை நாம் கேட்கவில்லை.

மனிதருக்கு நன்றி செலுத்துவதை அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவதோடு பிணைத்தே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அதனை எத்தனையோ ஜும்ஆக்களில் எடுத்துரைத்த நாவு, அன்று பாதிப் பாடத்தோடு நின்றுவிட்டது. "அந்தத் தம்பி பேரென்ன?" என்று தாயார் பலமுறை கேட்டார்கள். மவுத்தாகும் வரை 'படகுக்காரத் தம்பி' என்றே அவருக்காக துஆச் செய்தார்கள். அந்தத் துண்டு இன்னும் நம் பெட்டியில் இருக்கிறது.

நம் தாளில் 'படகுக்காரத் தம்பி' என்று எழுதினோம். "இது பேரில்லையே" என்றாள் ஒரு சிறுமி. கேட்கத் தவறியது நம் குற்றமே என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டோம்.

மறுநாள் மூன்று பிள்ளைகள் தத்தம் கப்பல்களைத் திருத்த வேண்டுமென்று வந்தார்கள். 'வேன் அங்கிள்' என்று முன்பு எழுதியிருந்த இடத்தில் இப்போது ஒரு மனிதரின் பெயர் இருந்தது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து, பால் கொண்டுவருபவரின் பெயரென்ன, தெருவைக் கூட்டுபவரின் பெயரென்ன என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். தெரியவில்லையென்றால், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய்க் கேட்டு வாருங்கள்.