முதல் தெருவில் ஒரு நாள்

கொலம்பஸ் இந்தியாவைத் தேடிக் கிளம்பி அமெரிக்காவில் போய் நின்ற கதை பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். நின்றதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைத்தான் பாடப்புத்தகம் சொல்வதில்லை. அவர் தம்பி கட்டிய ஊர் எது? மகன் குடியிருந்த மாளிகை எங்கே? ஐரோப்பியர்கள் அந்தக் கண்டத்தில் போட்ட முதல் தெரு எது? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: சாண்டோ டொமிங்கோ. கரீபியன் கடலில் டொமினிக்கன் குடியரசின் தலைநகரம். இதன் பழைய நகரப் பகுதியை 1990-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுமார் ஒரு சதுர கிலோமீட்டர்தான் இருக்கும். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் நடந்தே பார்த்துவிடலாம். வெயிலும் புழுக்கமும் சென்னைக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை, அதனால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.

கொலம்பஸின் தம்பி பார்த்தலோமே இந்த ஊரை முதலில் நிறுவியது ஆற்றின் கிழக்குக் கரையில், 1490-களின் கடைசியில். 1502-இல் அடித்த சூறாவளியில் அது நாசமாகிவிட, அப்போது புதிதாக வந்த கவர்னர் நிக்கோலாஸ் தெ ஓவாண்டோ ஊரையே மேற்குக் கரைக்கு மாற்றினார். ஆற்றின் பெயர் ஓசாமா. (தாயினோ மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். நீங்கள் நினைக்கிற ஆளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) ஓவாண்டோ கோடு போட்டது போல நேர் நேராகத் தெருக்களை அமைத்தார். பின்னால் ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டம் முழுக்கக் கட்டிய ஊர்களுக்கு இதுதான் முன்மாதிரி.

வழக்கமாக டூரிஸ்டுகள் ஆரம்பிக்கிற இடம் ஆற்றங்கரைக் கோட்டை. 1500-களின் முதல் பத்தாண்டில் கட்டிய சதுரமான கோபுரம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. குறுகலான படிகளில் ஏறி மேலே போனால் ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஓட்டுக்கூரைகள். கப்பல் வருகிறதா, கொள்ளைக்காரன் வருகிறானா என்று பார்ப்பதற்காகக் கட்டியது. இன்றைக்கும் கப்பல் வருகிறது, ஆனால் அதிலிருந்து இறங்குகிறவர்கள் கையில் கேமரா இருக்கிறது.

கோட்டை வாசலை விட்டு வெளியே வந்தால் கால் வைப்பது காயே லாஸ் தாமாஸ். அதாவது சீமாட்டிகள் தெரு. அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர்கள் கல் பாவிய முதல் தெரு இதுதான் என்று சொல்கிறார்கள். கொலம்பஸின் மகன் தியேகோவின் மனைவி மரியா தெ தொலேதோ, தோழிகளோடு மாலையில் இங்கே உலாவுவாராம். அதனால் வந்த பெயர். பார்க்க அழகான தெரு. நிழல் தரும் மரங்கள், மர பால்கனிகள், கனமான கதவுகள். இந்தத் தெருவில் ஒரு பழைய கல் வீடு இப்போது ஹோட்டலாக இருக்கிறது. ஓவாண்டோவின் வீடு. ஹோட்டலுக்கும் அவர் பெயர்தான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அதே தெருவில் தேசிய நினைவாலயம். 18-ஆம் நூற்றாண்டில் ஏசு சபையார் கட்டிய தேவாலயம் இது. பிறகு புகையிலைக் கிடங்காக இருந்தது, நாடகக் கொட்டகையாக இருந்தது. 1950-களில் சர்வாதிகாரி ட்ருஹியோ இதைப் புதுப்பித்து நாட்டின் பெரிய மனிதர்களுக்கான நினைவிடமாக மாற்றினார். தனக்கும் ஓர் இடம் இங்கே என்ற எண்ணத்தில்தான் செய்தார் என்பார்கள். 1961 மே 30-ஆம் தேதி இரவு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் இங்கே இல்லை. ஊருக்கே 'சியுதாத் ட்ருஹியோ' என்று 1936-இல் தன் பெயரை வைத்துக்கொண்டவர். இறந்த அதே வருடம் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். கல்லில் பெயர் வெட்டுகிறவர்கள் ஒருமுறை இந்தத் தெருவுக்கு வந்துவிட்டுப் போகலாம்.

தெரு முடிகிற இடத்தில் பெரிய மைதானம். ஸ்பெயின் சதுக்கம். அதன் ஓரத்தில் தியேகோ கொலம்பஸின் மாளிகை, அல்காசர். வரிசையாக வளைவுகள், பவழப்பாறைக் கல் சுவர்கள். 1586-இல் ஆங்கிலேயர் ஃபிரான்சிஸ் டிரேக் ஊருக்குள் புகுந்து ஒரு மாதம் கொள்ளையடித்து, 25,000 டுகாட் பணத்தைப் பிணையாக வாங்கிக்கொண்டுதான் போனார். அந்தக் கொள்ளைக்குப் பிறகு நகரம் மங்கியது, மாளிகையும் மெல்லப் பாழடைந்தது. இன்றைக்கு நாம் பார்ப்பது 1950-களில் மறுபடியும் எடுத்துக் கட்டியது. உள்ளே கட்டில், மேசை, திரைச்சீலை எல்லாம் அந்தக் காலத்துப் பாணியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி வர வேண்டும். இவ்வளவு கல்லை யார் வெட்டினார்கள், யார் சுமந்தார்கள்? கட்டில் யாருடையது என்று காட்டுகிற மாளிகையில், கல் சுமந்தவர்களுக்கு அந்த அளவு இடம் இல்லை. தீவின் சொந்தக்காரர்களான தாயினோ மக்களை ஸ்பானியர்கள் ஆளுக்கு இத்தனை பேர் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். தங்கச் சுரங்கத்திலும் வயலிலும் வேலை, கூடவே புதுப் புது நோய்கள். 1514-இல் எடுத்த பங்கீட்டுக் கணக்கில் மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 26,000 பேர்தான். ஒரு தலைமுறைக்கு முன் லட்சக்கணக்கில் இருந்த மக்கள். ஆள் குறையக் குறைய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1521 கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்த ஊருக்கு அருகே ஒரு கரும்புத் தோட்டத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் பதிவான முதல் பெரிய அடிமைக் கிளர்ச்சி அது. தோட்டம் யாருடையது தெரியுமா? இதே தியேகோ கொலம்பஸுடையதுதான். அடக்கிய சில நாட்களுக்குள், 1522 ஜனவரியில், அடிமைகளைக் கட்டுப்படுத்தக் கடுமையான சட்டம் போட்டார்கள். அல்காசரின் மாடத்தில் நின்று ஆற்றை போட்டோ எடுக்கும்போது இதையும் நினைத்துக்கொண்டால் படத்தின் நிறம் கொஞ்சம் மாறும்.

மதியச் சாப்பாட்டுக்கு இந்த ஊர்க்காரர்களின் அன்றாட உணவுக்கு 'லா பாந்தேரா' என்று பெயர். 'கொடி' என்று அர்த்தம். வெள்ளைச் சோறு, குழம்பாகக் காய்ச்சிய சிவப்பு பீன்ஸ், கூடவே கறி. நம்மூர் ஆட்களுக்கு ஒரு சிரமமும் இருக்காது, காரம் மட்டும் போதாது. தட்டில் மொறுமொறுவென்று அப்பளம் மாதிரி ஒன்று வந்தால் அது கசாபே. மரவள்ளிக்கிழங்கைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்து எடுத்து, கல்லில் சுட்டது. தாயினோ மக்களின் ரொட்டி. 2024-இல் யுனெஸ்கோ இதையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தாயினோக்கள் அடியோடு அழிந்தார்கள் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் அவர்கள் ரொட்டி தட்டில் இருக்கிறது, ரத்தம் இன்றைய டொமினிக்கர்களின் உடம்பில் இருக்கிறது, சொற்கள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. ஹரிக்கேன் அவர்கள் சொல். தமிழில் தெருவுக்குத் தெரு விற்கிற கொய்யாவும், போர்ச்சுக்கீசியர் வாய் வழியாக வந்த அவர்கள் சொல்தான்.

சாப்பிட்டுவிட்டு உள்தெருக்களில் நடந்தால் சான் நிக்கோலாஸ் மருத்துவமனையின் இடிபாடுகள். 1503-இல் ஓவாண்டோ தொடங்கியது. இப்போது கூரை இல்லாத சுவர்கள், நடுவில் புறாக்கூட்டம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கதீட்ரல். 1540 வாக்கில் கட்டி முடித்த இதுதான் அமெரிக்கக் கண்டத்தின் முதல் கதீட்ரல். டிரேக் வந்தபோது இதற்குள்தான் தங்கியிருந்தார் என்பார்கள். அரை டிராயர் போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது. நம்மூர்க் கோயில் மாதிரிதான்.

இந்தக் கதீட்ரலில் 1877-இல் ஓர் ஈயப் பெட்டி கிடைத்தது. மேலே கொலம்பஸ் பெயர், உள்ளே எலும்புகள். ஸ்பெயின்காரர்களோ, 1795-இலேயே கொலம்பஸின் எலும்பை ஹவானாவுக்கு எடுத்துப் போய்விட்டோம், 1898-இல் செவில் நகரத்துக்கும் கொண்டுபோய்விட்டோம் என்கிறார்கள். செவிலில் இருப்பவை கொலம்பஸின் எலும்புகள்தான் என்று டி.என்.ஏ. சோதனை செய்தவர்கள் 2006-இலும் 2024-இலும் சொன்னார்கள். டொமினிக்கர்கள் தங்கள் பெட்டியைச் சோதிக்க விடவில்லை. 1992-இல் ஆற்றுக்கு அக்கரையில் சிலுவை வடிவத்தில் ஒரு பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டடம் கட்டி, பெட்டியை அங்கே வைத்தார்கள். கொலம்பஸ் கலங்கரை விளக்கம் என்று பெயர். அதைக் கட்டுவதற்காக ஏழைகளின் வீடுகளைக் காலி செய்தார்கள். விளக்கை ஏற்றினால் அக்கம்பக்கத்தில் மின்வெட்டு என்று மக்கள் கிண்டல் அடித்தார்கள். கொலம்பஸ் பெயரை வாயால் சொன்னாலே 'ஃபுக்கு', அதாவது பீடை பிடிக்கும் என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. சிலை வைத்திருக்கிறார்கள், பூங்காவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பெயரைச் சொல்லத்தான் பயம்!

அந்தச் சிலை கதீட்ரலுக்குப் பக்கத்துப் பூங்காவில், 1887-லிருந்து நிற்கிறது. உயரத்தில் கொலம்பஸ், கை நீட்டித் திசை காட்டுகிறார். காலடியில் ஒரு தாயினோ பெண், பீடத்தில் தொற்றி ஏறி, அவர் புகழை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் அனகாவோனா என்கிறார்கள். ஹராகுவா நாட்டின் அரசி, பாட்டுக் கட்டுவதில் பெயர் பெற்றவள். 1503-இல் ஓவாண்டோ படையோடு விருந்தாளியாகப் போனார். அவள் வரவேற்று உபசரித்தாள். கூடியிருந்த தலைவர்களை ஒரு வீட்டுக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். அரசியைத் தூக்கிலிட்டார்கள். கொன்றவர் பெயரில் ஹோட்டல், ஸ்பெயின் சதுக்கத்தில் சிலை. கொல்லப்பட்டவளோ வந்தவர்களின் புகழை எழுதும் வேலையில். சிற்பி கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் அது உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

பூங்காவிலிருந்து எல் கோந்தே என்கிற கடைத்தெரு. வண்டிகள் கிடையாது, நடைதான். லாரிமார் என்கிற நீலக்கல் விற்கிறார்கள். உலகத்திலேயே இந்த நாட்டில்தான் கிடைக்கிறது. மரப்பட்டை, ரம், தேன் எல்லாம் போட்டு ஊறவைத்த மாமாஹுவானா பாட்டில்கள், பிரகாசமான வண்ணத்தில் ஹெய்ட்டி பாணி ஓவியங்கள். தெருக்கோடியில் பழைய கோட்டை வாசல். 1844 பிப்ரவரி 27-ஆம் தேதி இங்கேதான் சுதந்திரம் அறிவித்தார்கள். ஸ்பெயினிடமிருந்து என்று நினைத்தால் தப்பு. பக்கத்து நாடான ஹெய்ட்டியிடமிருந்து! 1822 முதல் 22 வருடம் ஹெய்ட்டி இந்தப் பகுதியை ஆண்டது. அந்த ஆட்சிதான் இங்கே அடிமை முறையை ஒழித்தது என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

இது பழங்கதை இல்லை. 1937-இல் ட்ருஹியோ எல்லைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டி வம்சாவளியினரைக் கொன்று குவித்தார். 2013-இல் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு, 1929 முதல் அங்கே முறையான அனுமதி இல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்களின் குடியுரிமை செல்லாது என்றது. பிறந்து வளர்ந்த மண்ணிலேயே பல ஆயிரம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். மறு வருடம் வந்த சட்டம் சிலருக்குத்தான் வழி செய்தது. அந்த ஓவியங்களைப் பேரம் பேசி வாங்குகிற டூரிஸ்ட் யாரும் இதைக் கேட்பதில்லை. கைடும் சொல்வதில்லை.

பொழுது சாயும்போது கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டும். அங்கே 15 மீட்டர் உயரத்தில் ஒரு துறவி, வாய்க்கு அருகே கையை வைத்துக் கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார். அந்தோனியோ தெ மோந்தேசினோஸ். மெக்சிகோ பரிசாகக் கொடுத்த சிலை, 1982-இல் திறந்தது. 1511 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. இந்த ஊரில் ஓலையும் மரமும் வேய்ந்த ஒரு கோயிலில், கவர்னர் தியேகோ கொலம்பஸ் உட்பட ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, இந்தத் துறவி எழுந்து கேட்டார்: எந்த உரிமையில் இந்த மக்களை அடிமையாக்கினீர்கள்? இவர்கள் மனிதர்கள் இல்லையா? கூட்டம் கொதித்துப்போய் வாபஸ் வாங்கச் சொன்னது. அடுத்த ஞாயிறும் அவர் அதையேதான் பேசினார். விஷயம் ஸ்பெயின் ராஜா வரைக்கும் போய், 1512-இல் பர்கோஸ் சட்டங்கள் வந்தன. சட்டம் வந்ததே தவிர, தாயினோக்கள் பிழைக்கவில்லை.

கோட்டை, மாளிகை, கதீட்ரல் எல்லாம் கல்லில் கட்டியவை, 500 வருடமாக நிற்கின்றன. அந்த ஓலைக் கோயில் இன்று இல்லை. ஆனால் அதில் எழுந்த கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை. 1511-இல் அது தாயினோக்களைப் பற்றியது, 1521-இல் ஆப்பிரிக்கர்களைப் பற்றியது, 2013-இல் ஹெய்ட்டி வம்சாவளிப் பிள்ளைகளைப் பற்றியது. ஒரு நாளில் இந்த ஊரைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் முதல் தெருவைப் பார்க்கட்டும், முதல் கதீட்ரலைப் பார்க்கட்டும். நேரம் இல்லையென்று இந்தத் துறவியை மட்டும் விட்டுவிட வேண்டாம். அனுமதிச் சீட்டு வாங்காமல் ரோட்டில் நின்றபடியே அவரைப் பார்க்கலாம்.